தீர்வது செலவு, தீராதது சொத்து

அத்தியாயம் 6

ஸ்டேப்ளரின் முதுகில் சிவப்பு பெயிண்டில் 41 என்று எழுதியிருந்தது.

ஹுமாயூன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்திலிருந்த கத்தரிக்கோல் 42. பஞ்சிங் மிஷின் 43. சுவரில் தொங்கிய காலண்டருக்கு நம்பர் இல்லை. அதை மாட்டியிருந்த கொக்கிக்கு இருந்தது.

“யக்கா, கொஞ்சம் ஆடிக்கினே இரு. ரொம்ப நேரம் அசையாம குந்தினா நமக்கும் நம்பர் போட்ருவாங்க” என்று ஜெயஸ்ரீயின் காதில் கிசுகிசுத்தான்.

ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை. பதினாறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவள் அவள். ஒரு ஜோக்குக்குச் சிரிக்க வேண்டுமென்றால்கூட ரசீது கேட்பாள் என்பது ஹுமாயூனின் கட்சி. அந்த வேலையை விட்டுவிட்டு ராயபுரத்தில் ஒரு மெஸ் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்து நாலு வருஷமாகிறது. வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த ஹுமாயூன் அவளுக்கு உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வருஷம். பைக்கையும் வாயையும் ஓட்டுவது அவன் பொறுப்பு, மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சுப்பராயன். செம்பு, பித்தளைக் காயலான் சரக்கைச் சின்ன வியாபாரிகளிடம் வாங்கி, உருக்காலைகளுக்கு மொத்தமாக விற்பவர். ஆபீஸ் இங்கே ராயபுரத்தில், குடோன் திருவொற்றியூரில். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் நாலு பேனா. நாலுக்கும் நம்பர்.

“என் ஆபீஸ்ல ஒரே ஒரு சட்டம்தான் மேடம். தீர்ந்து போறது செலவு, தீராதது சொத்து. பேப்பர் தீரும், செலவு. ஸ்டேப்ளர் தீராது, சொத்து. சொத்துன்னா நம்பர். ஐயாயிரத்துக்குக் கீழ உள்ளதெல்லாம் செலவுலயே எழுதிட்டுப் போலாமே சார்ன்னு ஆடிட்டர் சொன்னாரு. ஸ்டேப்ளர் காணாமப் போனா நீ வாங்கித் தருவியான்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டாரு.”

“அந்த ஸ்டேப்ளருக்குப் போடற பின்னு?” என்றான் ஹுமாயூன்.

“செலவு. ஆனா எந்த ஸ்டேப்ளருக்குன்னு வவுச்சர்ல நம்பர் எழுதணும். பின்னுக்கு 41. பிரிண்டர் இங்குக்கு 17. ஃபேனை ரிப்பேர் பண்ணா ஃபேன் நம்பர். அந்தக் கட்டம் காலியா இருந்தா அது பொய் வவுச்சர்.” சுப்பராயன் ஒரு கற்றையை மேஜைமேல் எறிந்தார். “பதினொரு வவுச்சர். இருபதாயிரம் ரூபா. ஒண்ணுலயும் நம்பர் இல்ல. எல்லாத்தையும் எழுதினது அதோ, அந்தம்மா.”

அந்தம்மா கதவோரம் நின்றிருந்தாள். ரமாபாய், நாற்பத்தாறு வயது. எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்து, ஏழு வருஷமாக ஒன்பது மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தாமல் வந்து, இந்த ஆபீஸின் கணக்கை எழுதுகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது அவள் கைப்பையின் அறுந்த வாரைப் பார்த்தாலே தெரிந்தது. அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

அவள் பக்கமாக மேஜை ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாள். இருபதாயிரம் ரூபாயைப் பொய் வவுச்சர் போட்டு எடுத்துக்கொண்டேன் என்று சுப்பராயனே டைப் அடித்து வைத்திருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

“அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா வேலையோட போச்சு. இல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன். நீங்க விசாரிச்சு, ஆமாம் இவங்கதான் எடுத்தாங்கன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா போதும். பதினஞ்சாயிரம் ஃபீஸ், பேசினபடி. காலையிலேயே நம்ம லைன்ல நாலு கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். அவங்களும் ஏமாறக் கூடாதில்ல?”

ஹுமாயூனுக்கு அது சுருக்கென்றது. கணக்கு எழுதுகிறவள் மேல் திருட்டுப் பட்டம் விழுந்தால் எண்ணூர் வரைக்கும் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்காது. அந்த நாலு போன் அந்தக் காரியத்தை ஏற்கெனவே பாதி முடித்துவிட்டது. இனி அவள் கையெழுத்துப் போட்டால் மீதிப் பாதியும் முடிந்துவிடும்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று ஜெயஸ்ரீ கேட்டாள்.

“பில்லு தட்டுல இருந்துச்சுங்க. எந்த நம்பருக்குன்னு தெரியல. அதான்...”

“அவ இன்னா சொல்லுவா? அதான் கேட்டு முடிச்சாச்சே!” என்று சுப்பராயன் இடையில் வெட்டினார். கோபம் வந்தால் அவருக்கும் ராயபுரத்து பாஷை வந்துவிடும் போலிருந்தது.

ஜெயஸ்ரீ வவுச்சர்களை இரண்டு வரிசையாகப் பரப்பினாள். முதல் வரிசையில் ஐந்து. எல்லாம் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் வந்தவை. இரண்டடிக்கு இரண்டடி இரும்புத் தகடு. வெல்டிங் கூலி. சென்சார் ஒன்று. டிஸ்ப்ளே பெட்டி ஒன்று. அடாப்டர். தகட்டை இரும்புச் சாமான் என்றும், வெல்டிங்கை ரிப்பேர் என்றும், சென்சாரையும் அடாப்டரையும் எலெக்ட்ரிகல் என்றும், பெட்டியைக் கம்ப்யூட்டர் சாமான் என்றும் ரமாபாய் ஒழுங்காகத் தலைப்புப் போட்டிருந்தாள். இரண்டாவது வரிசையில் ஆறு, மாதத்துக்கு ஒன்று. ஆறும் ஸ்டேஷனரி. ஒவ்வொன்றிலும் பேப்பர் ரோல், இருபது உருப்படி, தொள்ளாயிரம் ரூபாய்.

“பஸ் டிக்கெட்டு மாதிரி சின்ன ரோலுக்கா இது. ரெண்டு அங்குலம்” என்றான் ஹுமாயூன்.

“இந்த ஆபீஸ்ல எது இந்த ரோலைச் சாப்பிடுது?”

ஹுமாயூன் சுற்றிலும் பார்த்தான். பிரிண்டர் இருந்தது, முழுத்தாள் பிரிண்டர். மற்றபடி ஒரு ஃபேன், ஒரு பீரோ, சாமி படங்கள்.

“ஒண்ணும் இல்லியே.”

“கிளம்பு.”

*

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நின்றன. ஹுமாயூன் பைக்கை இரண்டு லாரிக்கு நடுவே நுழைத்து, ஒரு டிரைவரிடம் வாய்க்கு வந்தபடி வாங்கிக் கட்டிக்கொண்டு, வெளியே வந்தான்.

“அந்தம்மா எடுக்கலன்னு இன்னா கியாரண்டி? மூஞ்சியப் பாத்து சொல்றியா?” என்று பின்னால் திரும்பாமலே கத்தினான்.

“காலிக் கட்டத்தைப் பார்த்துச் சொல்றேன். நீ பொய் வவுச்சர் எழுதறேன்னு வெச்சுக்கோ. அந்தக் கட்டத்துல என்ன எழுதுவ?”

“இன்னாத்த எழுதுவேன்... 17ன்னு போட்டுக்கினு போய்கினே இருப்பேன். பிரிண்டர் பேப்பர் தின்னுச்சுன்னா யாரு கேக்கப் போறா?”

“ஏழு வருஷம் அந்த நம்பரோட வாழ்ந்தவளுக்கு அது தோணாதா? தெரியாததைத் தெரியாதுன்னு காலியா விட்டிருக்கா. திருடறவங்க கட்டத்தை நிரப்பிடுவாங்க ஹுமாயூன்.”

ஹுமாயூன் ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைத்து ஓட்டினான்.

“அப்ப அந்த அஞ்சு சாமானும் இன்னா? ஏ.டி.எம். மிஷின் எதுனா கட்டிக்கினு கீறானா?”

“அஞ்சு தலைப்புல பிரிஞ்சு கிடந்தா அஞ்சு செலவு. ஒண்ணா சேர்த்தா ஒரு மிஷின். அப்படியே வாங்கியிருந்தா சொத்துப் பட்டியல்ல ஏறியிருக்கும், நம்பர் விழுந்திருக்கும், ஆடிட்டர் வந்து தொட்டுப் பார்த்திருப்பார். யாரோ அது வேண்டாம்னு நினைச்சிருக்காங்க. ஆனா மிஷினை ஒளிச்சு வெச்சாலும் அதுக்குப் பசிக்குமே. மாசாமாசம் ரோல் கேக்குது.”

“சரி, குடோன்ல போய் மோப்பம் புடிக்கலாம். நம்ம பாத்தது நூறு மாப்பிள்ளை. ஒரு மிஷினு இன்னா பெரிய விசயம்.”

*

திருவொற்றியூர் குடோனில் செம்புக் கம்பிச் சுருள்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எடை போடுகிற வேம்பு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையைத் தராசிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். மூட்டைக்குச் சொந்தக்காரர் அப்துல் வஹாப், தண்டையார்பேட்டையில் சின்னக் காயலான் கடை வைத்திருக்கிற பெரியவர். வாரத்துக்கு இரண்டு தடவை இங்கே சரக்குப் போடுகிறவர். தராசோடு ஒட்டிய பெட்டியிலிருந்து கிர்ரென்று ஒரு சீட்டு வந்தது. இரண்டு அங்குல அகலம்.

ஹுமாயூன் ஜெயஸ்ரீயைப் பார்த்தான். ஜெயஸ்ரீ சீட்டைப் பார்த்தாள்.

“முன்னாடியெல்லாம் கையால எழுதிக் குடுப்பாங்க. ஆயிரம் சந்தேகம் வரும்” என்றார் வஹாப், சீட்டை நாலாக மடித்து பர்ஸுக்குள் பத்திரமாக வைத்தபடி. “இப்ப மிஷினே அடிச்சுக் குடுக்குது. மனுசன் டபாய்ப்பான், மிஷினு டபாய்க்குமா?”

அவர் போகும்வரை ஜெயஸ்ரீ காத்திருந்தாள். அப்புறம் குடோனின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே இன்னொரு தராசு. பழசு. காலில் சிவப்பு பெயிண்டில் 3, பக்கவாட்டில் அரசாங்க முத்திரை.

“அது எதுக்கு?”

“அது நாம விக்கிற சரக்குக்கு. இது வாங்குற சரக்குக்கு” என்றான் வேம்பு. சொன்ன பிறகுதான் தேவைக்கு மேல் சொல்லிவிட்டோமோ என்று யோசித்தான்.

“ஹுமாயூன், ஏறு.”

பழைய தராசில் ஹுமாயூன் ஏறி நின்றான். எண்பத்து நாலு கிலோ. “பிரியாணி” என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு இறங்கி, புதிய தராசில் ஏறினான். எண்பத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். சீட்டும் வந்தது.

“மெய்யாலுமே நல்ல மிஷினுக்கா! இருபதடி நடந்ததுக்கே ஒண்ணே முக்கால் கிலோ கொறச்சுட்டுது. ஜிம்முக்குத் துட்டு கட்றவன்லாம் கேனையன்!”

சொல்லி முடித்ததும் அவன் சிரிப்பு நின்றது. நூறு கிலோ செம்புக்கு இரண்டு கிலோ. வஹாப் மாதிரி எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மூட்டை. அந்தக் கிழவர் சீட்டை மடித்து வைத்த விதம் நினைவுக்கு வர, ஹுமாயூன் தன் சீட்டை மடிக்காமல் ஜெயஸ்ரீயிடம் நீட்டினான்.

வேம்பு கும்பிட்டான். “யம்மா, நா எடை போட்றவன். இன்னா சொன்னாங்களோ அத்த செய்றேன். புள்ளகுட்டிக்காரன்...”

“யார் சொன்னாங்கன்னு நான் கேக்கல” என்றாள் ஜெயஸ்ரீ. “உங்க முதலாளி இங்க எப்ப வருவார்?”

“ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி. பெயிண்டு டப்பா எட்த்துக்கினு வருவாரு. நம்பர் அழிஞ்சிருந்தா மேல பூசுவாரு. தண்ணிக் குடம், முக்காலிக்குக்கூட நம்பர் கீது. தொடப்பக்கட்டைக்கு மட்டும் இல்ல, தேஞ்சு பூடுமாம்.”

“வரும்போது அந்த டப்பாவை எங்க வைப்பார்?”

வேம்புவின் கண் ஒரு தடவை கீழே போய் வந்தது. ஜெயஸ்ரீ அந்த இடத்தை செல்போனில் படமெடுத்தாள். புதிய தராசின் தகட்டு ஓரத்தில் வட்ட வட்டமாகச் சிவப்புக் கறை. ஹுமாயூனும் பார்த்தான். குடோன் என்றால் கறை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டான்.

வெளியே வந்து அவள் ஆபீஸுக்கு போன் செய்தாள். பழைய தராசு காட்டியதையும் புதிய தராசு காட்டியதையும் ரமாபாயிடம் அப்படியே சொன்னாள். ரமாபாய், “சரிங்க மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

“கேஸ் முடிஞ்சுதுக்கா. வேம்புதான்” என்றான் ஹுமாயூன், கிக்கரை உதைத்தபடி. “முதலாளி கண்ணுல மண்ணத் தூவிட்டு மிஷினு கட்டி, கொறையறதை வெளிய வித்துக்கினு கீறான். பாவம், நம்ம விபூதி பார்ட்டி.”

“சீக்கிரம் ஓட்டு. மணி நாலு.”

*

அவர்கள் திரும்பியபோது ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. வெள்ளைத்தாள் மேஜையின் நடுவே வந்திருந்தது. அதன்மேல் ஒரு பேனா. ரமாபாய் உட்கார வைக்கப்பட்டிருந்தாள்.

ஜெயஸ்ரீ எடைச் சீட்டை மேஜைமேல் வைத்து, இரண்டு தராசுகளின் கதையைச் சொன்னாள். சுப்பராயன் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“வேம்பு! உண்ட வூட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டானா! இப்பவே அவன் சீட்டைக் கிழிக்கிறேன். இந்தம்மாவும் அவனும் கூட்டு, சந்தேகமே இல்ல!”

ஹுமாயூன் அதைத்தான் எதிர்பார்த்தான். ஜெயஸ்ரீ அசையவில்லை.

“சார், நீங்க மாசாமாசம் குடோனுக்குப் போறீங்க. கொக்கிக்கு நம்பர் போடற மனுஷன். அங்க நடு ஹால்ல ஒரு தராசு நம்பரே இல்லாம நிக்குது. ஒரு நாள்கூட ஏன் சத்தம் போடல?”

“நா... பாக்கல.”

“உங்க பெயிண்ட் டப்பாவை அது மேலதானே வெப்பீங்க?” அவள் செல்போனை நீட்டினாள். “ஆறு வட்டம். ஆறு ஒண்ணாந்தேதி.”

ஹுமாயூன் தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டான். சத்தம் நன்றாகவே கேட்டது.

“இதுகூட அப்புறம்தான் கிடைச்சுது சார். எனக்கு முதல் சந்தேகம் என் ஃபீஸ் மேலதான் வந்தது. இருபதாயிரத்தைக் கண்டுபிடிக்கப் பதினஞ்சாயிரம் கேட்டேன். பேனாவுக்கு நம்பர் போடறவர் பத்து ரூபா பேரம் பேசல. உங்களுக்குத் திருடனைப் பிடிக்க வேண்டியிருக்கல. இந்தம்மா திருடின்னு ஒரு தாள் வேண்டியிருந்தது.”

“எனக்கு எதுக்கும்மா அது?” சுப்பராயனின் குரல் இறங்கியிருந்தது.

“கள்ளத் தராசு செஞ்சீங்க. ஊர்ப்பட்ட தந்திரமா அஞ்சு துண்டா வாங்கினீங்க. அந்த பில்லைக் கிழிச்சுப் போட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். ஆனா பதினாலாயிரத்து அறுநூறு ரூபாயைச் செலவுக் கணக்குல காட்டாம விட உங்களுக்கு மனசு வரல. ஜி.எஸ்.டி.யைக்கூட விடாம கழிச்சிருக்கீங்க. பில்லைக் கணக்குத் தட்டுல போட்டீங்க. கணக்கு எழுதறவங்க கேட்டாங்க.” ஜெயஸ்ரீ திரும்பினாள். “எத்தனை தடவை கேட்டீங்கம்மா?”

“மூணு தடவைங்க” என்றாள் ரமாபாய். “சார், இந்த ரோலு எந்த நம்பர் மிஷினுக்குன்னு கேட்டேன். மொத தடவை அப்பால பாக்கலாம்னாரு. ரெண்டாந்தடவை கம்முனு இருன்னாரு. போன வெள்ளிக்கிழமை மூணாந்தடவை கேட்டேன். அன்னிக்கே என் பீரோ சாவிய வாங்கிட்டாரு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க மேடம். மெய்யாவே நம்பர் எழுதத்தான் கேட்டேன்.”

கீழே தெருவில் ஒரு மீன்பாடி வண்டி படபடத்துக்கொண்டு போனது. இத்தனை பெரிய தந்திரத்தைக் கவிழ்த்தது ஒரு வாடிக்கையான சந்தேகம் என்பதும், அந்தச் சந்தேகத்துக்குக் கூலி ஒரு திருட்டுப் பட்டம் என்பதும் ஹுமாயூனுக்குச் சிரிப்பையும் ஆத்திரத்தையும் ஒன்றாக வரவழைத்தன.

சுப்பராயன் வியாபாரி. சரக்கு விலை இறங்கும்போது எப்படி விற்பது என்று அவருக்குத் தெரியும். வெள்ளைத்தாளை எடுத்து ரமாபாய் பக்கம் தள்ளினார்.

“இத நீயே கிழிச்சுப் போடும்மா. நீ நம்ம குடும்பத்துல ஒருத்தி மாதிரி. அடுத்த மாசத்துலேர்ந்து மூவாயிரம் கூட. மேடம் ஃபீஸ் இப்பவே. தராசை நாளைக்கே உடைச்சுடறேன். விசயம் இந்த நாலு சுவரைத் தாண்ட வேணாம்.”

ரமாபாய் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“தாண்டிடுச்சு சார்” என்றாள். “கொள்முதல் நோட்டுல எல்லார் போன் நம்பரும் இருக்குதுல்ல? மேடம் போன் வெச்ச ஒடனே வஹாப் பாய்க்கு அடிச்சேன். வீட்ல இருக்கற சீட்டையெல்லாம் எடுத்துக்கினு வாங்கன்னு சொன்னேன். மத்தவங்களுக்கும் சொல்லிட்டாராம்.”

வாசலில் அப்துல் வஹாப் நின்றிருந்தார். எப்போது படியேறினார் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எடைச் சீட்டு. அவருக்குப் பின்னால் படி நெடுக ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. சலாமும் சொல்லவில்லை.

“பாய், உக்காருங்க” என்று சுப்பராயன் பதறினார். “எல்லாம் பேசித் தீத்துக்கலாம். ஒரு பைசா பாக்கி வெக்க மாட்டேன்.”

“அவங்க கணக்கு அப்பால சார். மொதல்ல என்னுது” என்றாள் ரமாபாய்.

“மூவாயிரம் போதாதா? அஞ்சு?”

“காலைல நாலு பேருக்குப் போன் பண்ணி என்னத் திருடின்னீங்க. அதே நாலு பேருக்குப் பண்ணுங்க. இப்ப, இங்கியே. ஸ்பீக்கர்ல போட்டுப் பண்ணுங்க.”

சுப்பராயன் ஜெயஸ்ரீயைப் பார்த்தார். ஜெயஸ்ரீ தன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஹுமாயூனைப் பார்த்தார். “அடி நைனா, சார்ஜு கீதுல்ல?” என்றான் ஹுமாயூன்.

வேறு வழியில்லாமல் அவர் போனை மேஜைமேல் வைத்து எண்ணைத் தட்டினார். முதல் ஆள் மீஞ்சூரில் உருக்காலை வைத்திருக்கிற செங்குட்டுவன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் உலைச்சத்தம், அதற்கு மேலே அவர் குரல்.

“சொல்லு சுப்பராயா! போலீஸ் வந்துச்சா?”

“இல்லய்யா... அது வந்து... காலைல ரமாபாயைப் பத்திச் சொன்னேன்ல. அது தப்பு. அந்தம்மா ஒண்ணும் எடுக்கல. கணக்கெல்லாம் சரியா கீது.”

“அப்படியா! ரொம்ப சந்தோஷம்யா. பாவம், நல்ல பொம்பளை. நானே நம்பல.” உலைச்சத்தத்தில் ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு செங்குட்டுவன் வெகுளியாகக் கேட்டார். “அப்ப எடுத்தது யாருய்யா?”

சுப்பராயன் போனை அணைக்கக் கை நீட்டினார். வஹாப் ஒரு எட்டு உள்ளே வந்தார்.

“ஹலோ? லைன்ல இருக்கியா? யாரு எடுத்தான்னு கேட்டேன்!”

ரமாபாய் போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“சொல்லுங்க சார்” என்றாள். “இன்னும் மூணு பேருக்குப் பண்ணணும்.”